பொன்னுசாமி அண்ணனும் புல்வெட்டி வண்டியின் பேட்டரியும்

செய்தி வந்தபோது நான் கோபத்தில் இருந்தேன். நம் குடியிருப்புப் பூங்காவில் புல்வெட்டி வண்டி அன்று காலையும் கிளம்பவில்லை. ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள் சாவியைத் திருப்பத் திருப்ப, அது "டக், டக்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடங்கிப்போனது. அதைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகார் எழுதிக்கொண்டிருந்தேன். பாதி எழுதுவதற்குள், குப்பை வண்டி தாமதம் என்ற தகவலுக்கும் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில் ஒரு வரி வந்து விழுந்தது. மூன்றாவது வீதிப் பொன்னுசாமி அன்று விடியற்காலை தவறிவிட்டார். அதற்குக் கீழே ஒருவர் கட்டைவிரலை உயர்த்திப் போட்டிருந்தார். பிறந்தநாளுக்குப் போட்டது இடம் மாறிவிட்டது போலிருக்கிறது.

துக்கத்துக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. வண்டி கிளம்பாத நாளில் கூப்பிட வேண்டிய ஒரே ஆள், அதே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாரே என்ற எரிச்சல். அவரைக் கூப்பிடும் உரிமை எனக்கு இரண்டு வருடமாகவே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவரிடம் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய தப்பு ஒன்று இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இனி அவரிடம் சொல்ல முடியாது. ஆகவே அவரை அறிந்த உங்களிடம், நம் சங்கத்து மலரில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால், அந்த மனிதர் என்னை என்ன பாடு படுத்தினார் என்பதையும் நீங்கள் கேட்டாக வேண்டும்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பொன்னுசாமி அண்ணன் காங்கேயத்துக்காரர். பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டார்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் அறிவியல் நடத்தியவள். நம் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய வண்டியைச் சங்கம் வாங்கிப்போட்டது. மேலே ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற வகை. பெட்ரோல் எஞ்சின்தான் என்றாலும் கயிறு பிடித்து இழுக்க வேண்டியதில்லை. சாவியைத் திருப்பினால் பேட்டரி கிளப்பிவிடும். வந்து இறங்கிய அன்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். அண்ணன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க அம்மணி, இதை ஆருங்க பாத்துக்கறது?"

"நீங்களே பார்த்துக்கொள்ளுங்களேன் அண்ணா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாய் தவறுதலுக்கு நாலு வருடம் அனுபவித்தேன்.

முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அரை மணி நேரம் கழித்து அண்ணன் வந்து, சிரிக்காமல், "உக்காந்துட்டுத் திருப்புங்க அம்மணி" என்றார். ஆள் உட்காராமல் எஞ்சின் கிளம்பக்கூடாது என்று சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து திருப்பினேன். அப்போதும் கிளம்பவில்லை. நான் நாற்பது கிலோவைத் தாண்டியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணன் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஸ்பிரிங்கு கொஞ்சம் கெட்டியா இருக்குதுங்க. அம்மணி மேல தப்பில்லீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு வந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு திருப்பியதும் வண்டி கிளம்பியது. அன்று மாலைக்குள் அவர் சுவிட்சைக் கழற்றிச் சுத்தம் செய்து சரியாக்கிவிட்டார். ஆனால் அரிசி மூட்டையோடு நான் இருந்த படம் குழுவில் ஒரு மாதம் ஓடியது.

சாவி விஷயத்தில் அவர் இன்னும் மோசம். ஐந்து நொடிக்கு மேல் திருப்பிப் பிடிக்கக்கூடாது. கிளம்பாவிட்டால் விட்டுவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கருகிவிடும் என்பார். சரி, புரிகிறது. ஆனால் அதற்காக ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று, "ஒண்ணுங்க, ரெண்டுங்க, மூணுங்க" என்று எண்ண வேண்டுமா? எண்ணிக்கைக்குக்கூட மரியாதை கொடுத்த மனிதர் அவர் ஒருவர்தான். ஒரு நிமிடம் காத்திருக்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பார். நாம் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல மாட்டார். நிமிடம் முடிந்ததும், "இப்பத் திருப்புங்க" என்பார். முப்பது வருடம் வகுப்பறையை ஆண்டவளுக்கு இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆயுத பூஜை வந்தது. நானும் வீதிப் பெண்களும் சேர்ந்து வண்டியைக் குழாய் வைத்து நன்றாகக் கழுவி, மாலை போட்டு, மூடியைத் திறந்து பேட்டரிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கண்ணில் பட்டதே அந்த இரண்டு முனைகள்தான், ஆகவே அவற்றின் மேலேயே வைத்தோம், தாராளமாக. ஒயர் மாட்டும் இடத்துக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்துவிட்டது. மறுநாள் வண்டி செத்துக் கிடந்தது. அண்ணன் வந்து பார்த்தார். சமையல் சோடா கலந்த வெந்நீர் கொண்டுவந்து பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்துக் காயவைத்து, ஒயரை மாட்டி முறுக்கிவிட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். ஒன்றரை மணி நேர வேலை. நாங்கள் நாலு பேர் குற்றவாளிகளாக நின்றோம். போகும்போது, "அடுத்த வருசம் சந்தனப் பொட்டைச் சக்கரத்துக்கு வெச்சுப்போடலாமுங்க. சக்கரமுஞ் சாமிதானுங்க" என்றார். அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு.

இதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம். ஒரு சுடுசொல் வராது. திட்டு வாங்கினால் வாங்கிய கையோடு மறந்துவிடலாம். இவருடைய மரியாதையை வாங்கிக்கொண்டு போனால் ராத்திரி சோறு இறங்காது. ஒருமுறை ஃபியூஸ் போய்விட்டது என்று தோட்டக்காரர் மிட்டாய்க் காகிதத்து ஜிகினாவைச் சுற்றி மாட்டிவைத்தார். வண்டியும் ஓடியது. அண்ணன் அதைக் கண்டுபிடித்துப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் பூங்காவில் ஒரு நிச்சயதார்த்த விருந்து, அதற்குப் புல் வெட்டியாக வேண்டும். நான் கெஞ்சினேன், கத்தினேன். "ஒயர் தீப்புடிச்சா பெட்ரோல் டேங்க்கு பக்கத்துலயே இருக்குதுங்க. பதினஞ்சு ஆம்பியர் ஃபியூஸ் வாங்கீட்டு வாரேனுங்க" என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு டவுன்ஹால் வரை போனார். முதல் கடையில் இருபதுதான் இருந்ததாம். வேண்டாமென்று இன்னும் மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறார். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. விருந்து புல்லுக்கு நடுவில்தான் நடந்தது.

சனிக்கிழமைதோறும் காலை அவர் பேட்டரிக்குச் செய்த வைத்தியத்தை நான் சன்னலில் இருந்து பார்ப்பேன். முதலில் கருப்பு ஒயரைக் கழற்றுவார், பிறகு சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதலில், கருப்பு கடைசியில். மாறிப்போனால் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுப் பொறி பறக்கும் என்பார். முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கழுவுவார். மீட்டரை வைத்துப் பார்த்து, பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முகம் மலரும்; கீழே இருந்தால் பேட்டரியைத் தூக்கி மொபெட்டில் முன்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்குச் சார்ஜ் போடக் கொண்டுபோவார். மழைக்காலத்தில் புல் வெட்டாத வாரங்களில்கூட விடமாட்டார். சும்மா கிடந்தாலும் பேட்டரி இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்பது அவர் கட்சி. புதுச் சார்ஜர் ஒன்றை வண்டிக் கொட்டகையிலேயே வைத்துவிடலாம் என்று சங்கத் தலைவர் சொன்னபோது, கொட்டகைக் கூரை ஒழுகுகிறது என்று மறுத்தவரும் அவரே. அந்தக் கூரையை நானும் இன்றுவரை சரிசெய்யவில்லை.

நான்காவது வருடம், கோடை தொடங்கும்போது, காங்கேயத்தில் அவர் அண்ணனுக்குக் கால் முறிந்துவிட்டது. தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ள இவர் மூன்று மாதம் அங்கே போய் இருக்க வேண்டியதாயிற்று. கிளம்பும் முன் என்னைக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். பலகை மேல் ஐந்து லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் கேன், கடைச் சீலோடு.

"வெயில்ல தண்ணி வத்துமுங்க அம்மணி. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஆறு மூடியவும் தெறந்து பாருங்க. கொறஞ்சிருந்தா இந்தக் கோடு வரைக்கும் ஊத்துங்க. இந்தத் தண்ணி மட்டுந்தானுங்க."

"நான் அறிவியல் டீச்சர் அண்ணா" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

இனி அந்தத் தப்புக்கு வருகிறேன். முதல் சனிக்கிழமை கொட்டகைக்குப் போனேன். கேன் உயரத்தில் இருந்தது. மேலெல்லாம் தூசி, பல்லி எச்சம், பெட்ரோல் வாடை. எந்த ஊரில், எந்தக் கொல்லையில் வடித்ததோ என்று தோன்றியது. என் கையில், குடிப்பதற்காக எடுத்துவந்த பாட்டிலில் சிறுவாணித் தண்ணீர் இருந்தது. கோயமுத்தூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உலகத்திலேயே ருசியில் இரண்டாவது தண்ணீர் நம்முடையது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். சென்னையில் இருந்து சொந்தக்காரர்கள் வந்தால் காப்பிக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்போம். இதைவிடச் சுத்தமான தண்ணீரா அந்தக் கேனில் இருந்துவிடப்போகிறது? ஊற்றினேன். கோடு வரைக்கும் என்று அவர் சொன்னது கொஞ்சம் கஞ்சத்தனமாகப் பட்டது. விருந்தாளிக்கு ஊற்றுவதைப் போல விளிம்பு வரை ஊற்றினேன். மூன்று மாதம், சனிக்கிழமை தவறாமல்.

குழாய்த் தண்ணீருக்கும் காய்ச்சி வடித்த நீருக்கும் உள்ள வேறுபாட்டை முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். உப்புகள் கரைந்த நீர், உப்புகள் நீக்கிய நீர் என்று இரண்டு கட்டம் போட்டு. இரண்டு மதிப்பெண் கேள்வி. குடிக்க நல்ல தண்ணீரிலும் பேட்டரிக்கு ஆகாதது கரைந்திருக்கும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு மட்டும் ஊர்ப்பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

அவர் திரும்பி வந்த அன்றே கொட்டகைக்கு வந்தார். பேட்டரி மூடிகளைத் திறந்தார். ஆறிலும் தண்ணீர் தளும்பியது. வழிந்த ஆசிட் அடித்தட்டை அரித்திருந்தது. கருப்பு ஒயரின் முனை பச்சைப் பூத்துப் பொடிந்திருந்தது.

"தண்ணி ஊத்துனீங்களா அம்மணி?"

"ஒரு வாரம்கூட விடவில்லை அண்ணா."

அவர் தலையைத் தூக்கிப் பலகையில் இருந்த கேனைப் பார்த்தார். பிறகு மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகினார். "செரீங்க" என்றார். என்ன தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை. கேட்காதபோது நானாக எதற்குச் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு மாதம் அந்தப் பேட்டரியைப் பிழைக்கவைக்க அவர் பட்ட பாட்டை நீங்களும் பார்த்தீர்கள். ஒயர் முனையை வெட்டி எறிந்து புதிதாகப் போட்டார். எர்த் ஒயர் வண்டியில் பிடிக்கும் இடத்தில் நான் ஆசையாக அடித்துவைத்த பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தார். பெயின்ட் இருந்தால் மின்சாரம் சரியாகத் திரும்பாதாம். அதற்கும் அவரிடம் சண்டை போட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் பேட்டரி மொபெட்டில் ஏறி அவர் வீட்டுக்குப் போய்வந்தது. "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்களேன்" என்று நான் அலுத்துக்கொண்டால், "பாக்கலாமுங்க. பொழச்சாலும் பொழச்சுக்குமுங்க" என்பார். என் தப்பைத்தான் அவர் மொபெட்டில் சுமந்து திரிந்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பேட்டரி பிழைக்கவில்லை. நம் குடியிருப்பு ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அடியோடு படுத்துவிட்டது. முழங்கால் அளவு புல்லில் சாக்கு ஓட்டம் நடந்ததும், இசை நாற்காலியில் தலைவரின் மனைவி நாற்காலியோடு சாய்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த ஞாயிறு பொதுக்குழு கூடியது. தலைவர் பேட்டரியைக் கடையில் காட்டிவிட்டு வந்திருந்தார்.

"கொழாத் தண்ணி ஊத்தியிருக்காங்கன்னு கடைக்காரர் சொல்றாருங்க. விவரந் தெரிஞ்சவங்க செய்யற வேலைங்களா இது? ஆருங்க ஊத்துனது?"

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. செயலாளர் என்பதால் தீர்மானப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, கையில் பேனாவோடு, தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அறுபது பேரும் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"என்ற பொறுப்புல இருந்த வண்டிங்க. தப்பு என்னுதுதானுங்க."

யார் உங்களை எழுந்திருக்கச் சொன்னது அண்ணா? யார் உங்களைக் கேட்டார்கள்? இன்னும் இரண்டு நொடி உட்கார்ந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் இரண்டு வருடமாக எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன்.

அவர் சட்டைப் பையில் இருந்து வண்டிச் சாவியை எடுத்து மேசை மேல், என் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். நான் குனிந்து எழுதினேன்: "திரு. பொன்னுசாமி அவர்களின் கவனக்குறைவால் பேட்டரி பழுதடைந்தமையால், வண்டியின் பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கப்படுகிறது." என் கையெழுத்து அழகானது என்று பள்ளியில் எல்லோரும் சொல்வார்கள். அந்த வரியும் அழகாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு வண்டி பட்ட பாடு தனிக்கதை. ஒப்பந்தக்காரரின் ஆள் கார் பேட்டரியில் இருந்து ஒயர் இழுத்துக் கிளப்பப் பார்த்தபோது சிவப்பையும் கருப்பையும் மாற்றிக் கொடுத்துச் சார்ஜ் ஏற்றும் பாகத்தையே எரித்தார். மூடி போடாமல் மழையில் நிறுத்தினார். அண்ணன் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றி நடப்பார். வண்டிப் பக்கம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரே ஒருமுறைதான் தாங்க முடியாமல் என்னிடம் வந்தார். "ஏனுங்க அம்மணி, சாவிய ஆன்லயே உட்டுப்போட்டுப் போயிட்டானுங்க. பேட்டரி எறங்கீருமுங்க. நான் தொட்டா நல்லா இருக்காது. நீங்க சித்தெ திருப்பி உட்டுருங்க." அறுபது வீட்டுக்கும் மோட்டார் பார்த்துக் கொடுத்த மனிதர், ஒரு சாவியைத் தொட என் அனுமதிக்காக நின்றார். நான் போய்த் திருப்பிவிட்டு வந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

போன தைப்பொங்கலுக்கு மறுநாள் துணிந்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ருக்மணி அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தார். "அண்ணா, அந்தப் பேட்டரி விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் பழைய இரும்புக்குப் போயாச்சுங்க அம்மணி. மொதல்ல காப்பியக் குடிங்க, ஆறீருமுங்க."

குடித்தேன். நல்ல காப்பி. மழை, தேங்காய் விலை, அவர் அண்ணன் கால் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. வாசலுக்கு வந்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. அவரே வேண்டாம் என்றுவிட்டார், இனி நான் என்ன செய்ய முடியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அவர் உடலை எடுத்த அன்றுதான் ஏறினேன்.

காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். இந்த முறை உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "அக்கா, அந்தத் தண்ணியை ஊத்தினது நான்தான். அண்ணன் இல்லை."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "தெரியுமுங்க. கேன் சீலு ஒடைக்காம அப்பிடியே இருந்துச்சுன்னு வந்த அன்னைக்கே சொன்னாருங்க."

"அப்புறம் ஏன் அக்கா கூட்டத்தில் அப்படிச் சொன்னார்?"

"நானுங் கேட்டனுங்க. எத்தன தடவ கேட்டிருப்பேன்! ஏனுங்க, அந்தம்மணி பேரச் சொல்லிப்போட்டா என்னங்கன்னு. 'அவங்க டீச்சரு, நாலு பேருக்கு முன்னால தலைகுனியற மாதிரி ஆயிருமில்ல? அவங்களே வந்து சொல்லுவாங்க. நாம முந்திக்கக்கூடாது'ன்னுட்டாருங்க."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கோபமாகவே சொன்னார். அந்தக் கோபம் என் மேலா அவர் மேலா என்று எனக்குத் தெரியவில்லை.

"பொங்கலுக்கு வந்தீங்களே, அன்னைக்கு நீங்க போனதுக்கப்பறம் இந்தாளு இங்கயே உக்காந்து தலையில கைய வெச்சுக்கிட்டாருங்க. 'சொல்லத்தான் வந்துச்சு அந்தம்மணி. காப்பி ஆறுதுன்னு சொல்லி நாந்தான் கெடுத்துப்போட்டேன்'னு ஒரே பொலம்பல். 'இன்னொருக்கா வரட்டும், நான் வாயே தெறக்கமாட்டேன்'னாருங்க. நீங்கதான் வரவே இல்லியே."

என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஐந்து வீடுகள்.

அன்றிலிருந்து அவர் மேல் எனக்குத் தாங்க முடியாத கோபம். ஒரே ஒரு தடவை, "என்னம்மணி இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க" என்று கேட்டிருக்கக்கூடாதா? கேட்டிருந்தால் அழுதிருப்பேன், எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன், மறுநாள் புதுப் பேட்டரி வாங்கிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றிருப்பேன். சனிக்கிழமைகள் அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, என்னை இப்படி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். மரியாதைக்கும் ஒரு அளவு வேண்டாமா? ஆனால் எவ்வளவு கத்தினாலும், பூங்காவை முகம் திருப்பிக்கொண்டு சுற்றி வந்தது அவர். காப்பி குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியது நான்.

இறந்தவரிடமிருந்து எதை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட கட்டுரைகளை முடிப்பார்கள். கருப்பு ஒயரை முதலில் கழற்ற வேண்டும் என்பதையோ, ஐந்து நொடிக் கணக்கையோ நான் சொல்லலாம். அவை வண்டியோடு வந்த கையேட்டிலும் இருக்கின்றன. நான் வைத்துக்கொள்வது, உண்மை என் வாயால் வரட்டும் என்று அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்த இரண்டு வருடத்தை. நான் வந்து சொல்லிவிடுவேன் என்று அத்தனை நாளும் நம்பியவர் அவர் ஒருவர்தான், நானே நம்பவில்லை. தீர்மானப் புத்தகத்தில் அவர் பெயரை அடித்து என் பெயரை எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்கிறேன். செயலாளராக நான் இருக்கலாமா என்பதை அதன் பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இந்த முறை அண்ணன் குறுக்கே பேசமாட்டார். ஏனுங்கண்ணா, அந்தத் தண்ணிய ஊத்துனது நானுங்க.